பிரஸ்ஸல்ஸில் முதல் முறை பீர் குடிக்கப் போகிறவருக்கு

கேள்வி: அடுத்த மாதம் ஆபீஸ் வேலையாக ஐந்து நாள் பிரஸ்ஸல்ஸ் போகிறேன். பெல்ஜியம் பீர் பாருக்குப் போகாமல் திரும்பி வராதே என்கிறார்கள் நண்பர்கள். ஊரில் எப்போதாவது ஒரு கிங்ஃபிஷர் குடித்ததோடு சரி. அங்கே மெனுவே ஒரு புத்தகம் மாதிரி இருக்குமாம். என்ன கேட்டு வாங்குவது, எப்படி நடந்துகொள்வது? கூட வரும் சீனியர் குடிக்க மாட்டார். அவரையும் அழைத்துப் போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள், சீனியரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நான் லூவனில் ஆறு வருடம் இருந்தேன். பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் அரை மணிக்குள் வந்துவிடுகிற ஊர் அது. போன புதிதில் எனக்கும் இதே தயக்கம் இருந்தது. அன்றைக்கு யாராவது சொல்லித் தந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நினைக்கிற விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் 'பார்' என்ற சொல்லை ஓரமாக வைத்துவிடுங்கள். நம் ஊரில் அந்தச் சொல்லோடு கூடவே வருகிற மங்கல் விளக்கு, பாதி இறக்கிய ஷட்டர், தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பதற்றம், எதுவும் அங்கே கிடையாது. அங்கே அதற்குப் பெயர் கஃபே. மதியம் மூன்று மணிக்கு உள்ளே போனால் ஜன்னல் ஓரத்தில் ஒரு பாட்டி செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார், காலடியில் அவருடைய நாய் படுத்திருக்கும், மேசையில் ஒரு பீர் பாதி குடித்தபடி நிற்கும். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும். குடிக்காதவர் காபி கேட்கலாம், ஹாட் சாக்லேட் கேட்கலாம், ஒரு தண்ணீர் பாட்டிலோடு ஒரு மணி நேரம் உட்காரலாம். காபியோடு பட்டை வாசம் வீசும் ஒரு சின்ன பிஸ்கட்டும் பெரும்பாலும் வரும். 'ஏன் சார் குடிக்கவில்லை' என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். உங்கள் சீனியர் சங்கடப்பட வேண்டியதே இல்லை.

சரி, பீருக்கு வருவோம். ருசி, வகை எல்லாவற்றுக்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் பலம். நாம் சாதாரணமாகக் குடிக்கிற லைட் பீரில் ஆல்கஹால் சுமார் 4.8 சதவீதம். பெல்ஜியத்தின் பேர்போன பீர்கள் பல 7-இலிருந்து 11 சதவீதம் வரை போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வெஸ்ட்மாலே ட்ரிப்பெல் என்ற பீர் 9.5 சதவீதம், பாட்டில் 330 மில்லி. அந்தச் சின்ன பாட்டிலில் இருக்கும் ஆல்கஹால், நம் ஊர் 650 மில்லி லைட் பீர் பாட்டில் முழுவதிலும் இருக்கும் ஆல்கஹாலுக்குச் சமம். டூவல் 8.5 சதவீதம். அது ஒன்று குடித்தால் 30 மில்லி விஸ்கி பெக் இரண்டுக்கும் கொஞ்சம் மேல். ரோஷ்ஃபோர் 10 என்ற கறுப்பு பீர் 11.3 சதவீதம். அது இரண்டு குடித்தால் கிட்டத்தட்ட ஒரு குவார்ட்டர் உள்ளே போன மாதிரி. ஆனால் நாக்குக்கு அது தெரியாது. அத்தனை மிருதுவாக இறங்கும், கசப்பும் உறைக்காது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

போன முதல் மாதம் எனக்கு இது தெரியாது. கூட வேலை பார்த்தவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை மாலை பிரஸ்ஸல்ஸில் ஒரு கஃபேக்கு அழைத்துப் போனார்கள். ஊரில் குடிக்கிற வேகத்தில், ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்று ட்ரிப்பெல் குடித்தேன். அவர்கள் இன்னும் முதல் கோப்பையிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். எழுந்து நின்றபோதுதான் உடம்புக்குத் தெரிந்தது. கடைசி ரயிலைத் தவறவிட்டு, நவம்பர் குளிரில் ஸ்டேஷன் வாசலில் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அந்த இரவு இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாலைக்கு மூன்றுக்கு மேல் போவதில்லை, அதுவும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல், நடுவே சாப்பாட்டோடும் தண்ணீரோடும் என்று வைத்துக்கொண்டேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். முதல் நாள் என்றால் இரண்டு போதும்.

இவ்வளவு கெட்டியான, அதாவது பலமான பீர் அந்த ஊரில் ஏன் வந்தது என்பதற்கு ஒரு சட்டமும் காரணம். 1919-இல் வாண்டர்வெல்டே சட்டம் என்று ஒன்று கொண்டுவந்து, கஃபே போன்ற பொது இடங்களில் ஜெனிவர் மாதிரியான சாராய வகைகளை விற்கக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். பல பத்தாண்டுகள் அது அமலில் இருந்தது. கெட்டியாகக் குடித்துப் பழகியவர்களுக்குப் பதிலாக ஏதாவது வேண்டுமே, பீர் கெட்டியானது. இன்னொரு காரணம், ஜெர்மனியில் இருந்ததுபோல 'பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் சேர்க்காதே' என்ற கட்டுப்பாடு பெல்ஜியத்தில் இல்லை. (ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் வாசமும் தருகிற ஒரு கொடியின் பூ.) அதனால் கோதுமை, சர்க்கரை, பழம், ஆரஞ்சுத் தோல், மசாலா எல்லாம் பாத்திரத்துக்குள் போயின. அங்கே கெட்டி பீர்களில் சேர்க்கிற, சர்க்கரை பீட் கிழங்கிலிருந்து எடுத்த பாகுக்குப் பெயர் 'காண்டி'. நம் கற்கண்டில் இருக்கும் கண்டும் அந்தக் காண்டியும் ஒரே சொல் குடும்பம்தான். சர்க்கரை சேர்த்தால் பீர் இனிக்கும் என்று நினைக்காதீர்கள். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை முழுக்கத் தின்று ஆல்கஹாலாக்கிவிடும். பலம் ஏறும், பீர் வாயில் கனக்காமல் இருக்கும்.

முதல் மாலைக்கு என் யோசனை இது. உள்ளே போய் உட்கார்ந்ததும் ஒரு விட்பியர் கேளுங்கள். கோதுமையில் செய்வது, வெளிர்மஞ்சளாகக் கலங்கலாக இருக்கும், 5 சதவீதம் அளவுதான். இந்த வகையே 1950-களில் அழிந்து போயிற்று. ஹூகார்டன் என்ற ஊரில் பால் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்த பியர் செலிஸ் என்பவர் 1960-களின் நடுவில் அதை மறுபடியும் காய்ச்ச ஆரம்பித்தார். அவர் சேர்த்தது ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும். ஆமாம், ரசப்பொடிக்கு நாம் வறுக்கிற அதே தனியா. குடிக்கும்முன் ஒருமுறை மூக்கருகே வைத்து முகர்ந்து பாருங்கள். தெரிந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். புதியவருக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

இரண்டாவதாக ஓர்வால். இது ட்ராப்பிஸ்ட் பீர், அதாவது மடத்துத் துறவிகளின் பீர். ட்ராப்பிஸ்ட் என்ற முத்திரைக்குக் கடுமையான விதி உண்டு. மடத்து வளாகத்துக்குள் காய்ச்ச வேண்டும், துறவிகள் செய்ய வேண்டும் அல்லது அவர்கள் மேற்பார்வையில் நடக்க வேண்டும், வருமானம் மடத்தின் செலவுக்கும் தர்மத்துக்கும் போக வேண்டும். பெல்ஜியத்தில் இப்போது ஐந்து மடங்கள்தான் அப்படி: ஷிமே, ஓர்வால், ரோஷ்ஃபோர், வெஸ்ட்மாலே, வெஸ்ட்ஃப்ளேட்டரன். ஆகெல் என்று ஆறாவதாக ஒன்று இருந்தது. அங்கே துறவிகளே இல்லாமல் போனதால் 2021-இல் அந்த முத்திரையை இழந்தது. பாட்டிலில் அறுகோண முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 'ஆபி பீர்' என்று போட்டிருப்பது வேறு. மடத்தின் பெயரை வைத்துக்கொண்டு வெளியே ஆலையில் செய்வது. லெஃப் அந்த வகை. குடிக்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது.

ஓர்வால் ஒரு தனி ஜாதி. மடத்திலிருந்து கடைகளுக்கு வருவது இந்த ஒரே பீர்தான், 6.2 சதவீதம். பாட்டில், பௌலிங் ஆட்டத்தில் பந்தால் உருட்டிச் சாய்க்கிற கட்டை மாதிரி இடுப்புக்குக் கீழே அகலமாக இருக்கும். லேபிளில் வாயில் மோதிரத்தைக் கவ்விய ஒரு மீன். டஸ்கனியைச் சேர்ந்த மட்டில்டா சீமாட்டி அங்கே ஊற்றில் தன் தங்க மோதிரத்தைத் தவறவிட்டாராம், வேண்டிக்கொண்டதும் ஒரு மீன் அதைக் கவ்விக்கொண்டு மேலே வந்ததாம், அதனால் இந்த இடம் 'தங்கப் பள்ளத்தாக்கு', அதாவது ஓர்வால், ஆயிற்று என்று கதை. இதில் பாட்டிலுக்குள் ப்ரெட்டனோமைசிஸ் என்ற ஒரு காட்டு ஈஸ்ட்டையும் சேர்க்கிறார்கள். அது மாதக்கணக்கில் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். புதிய ஓர்வால் ஹாப்ஸ் வாசமும் கசப்புமாக இருக்கும். ஆறு மாதம் தாண்டியது வேறு பீர் மாதிரி, வறண்டு, கொஞ்சம் தோல் வாசம், கொஞ்சம் மண் வாசம் கலந்து வரும். பாட்டிலில் அடைத்த தேதி லேபிளிலேயே இருக்கும். நல்ல கஃபேயில் 'பழைய ஓர்வால் இருக்கிறதா' என்று கேட்டுப் பாருங்கள். வெயிட்டரின் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். அதன்பிறகு அவர் உங்களை டூரிஸ்டாக நடத்த மாட்டார்.

மூன்றாவது குடிப்பதாக இருந்தால் மட்டும் ரோஷ்ஃபோர் 8. 9.2 சதவீதம், கருப்பட்டிப் பாகும் உலர்திராட்சையும் சேர்ந்த மாதிரி ருசி. இதை இரவின் கடைசியில், இனிப்பு சாப்பிடுகிற இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் குடித்தால் அப்புறம் வருகிற எதுவும் நாக்கில் ஏறாது.

கோப்பையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே ஒவ்வொரு பீருக்கும் அதற்கென்று தனிக் கோப்பை. ஓர்வாலுக்குத் தடித்த காலுள்ள, வாய் அகன்ற பாத்திரம். டூவலுக்கு துலிப் பூ வடிவம். க்வாக் என்ற பீருக்கு அடி உருண்ட குடுவை, மேசையில் நிற்காது என்பதால் மரத் தாங்கியோடு வரும். ஹூகார்டனுக்கு ஆறு பட்டை உள்ள கனத்த டம்ளர். அலங்காரத்துக்கு என்று நினைத்தேன், அப்படி இல்லை. துலிப்பின் குறுகிய கழுத்து நுரையைப் பிடித்து நிறுத்தும், வாசனையையும் உள்ளேயே சேர்த்து வைக்கும். டூவல் கோப்பையின் அடியில் ஒரு 'டி' எழுத்தைச் செதுக்கியிருப்பார்கள். அந்தக் கீறலிலிருந்துதான் குமிழிகள் ஒரு நூல் மாதிரி இடைவிடாமல் கிளம்பி மேலே நுரையைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

ஊற்றுவதைக் கவனியுங்கள். வெயிட்டர் கோப்பையைக் குளிர்ந்த நீரில் அலசி ஈரத்தோடு கொண்டுவருவார். சாய்த்துப் பிடித்து, பாட்டிலின் வாய் படாமல், ஒரே சீராக ஊற்றிக்கொண்டே மெல்ல நிமிர்த்துவார். நுரை இரண்டு விரல் உயரம் ஏறும். 'ஏன் இவ்வளவு நுரை, பீரைக் குறைத்துவிட்டாரே' என்று நமக்குத் தோன்றும். அங்கே நுரை இல்லாமல் ஊற்றினால் உள்ளூர்க்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். பாட்டிலின் அடியில் ஒரு விரல் அளவு மிச்சம் வைத்து, லேபிள் உங்களைப் பார்க்கும்படி திருப்பி மேசையில் வைப்பார். அந்த மிச்சத்தில் இருப்பது ஈஸ்ட் வண்டல். பாட்டிலுக்குள்ளேயே இன்னொரு முறை நொதிக்க விட்டதால் அடியில் தங்கியது. ஊற்றிக்கொள்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம். சேர்த்தால் பீர் கலங்கும், ரொட்டி வாசம் கூடும், சிலருக்கு வயிறு கடமுடா என்னும். விட்பியருக்கு மட்டும் அந்த வண்டலையும் கலக்கி ஊற்றிவிடுவது வழக்கம். எதுவுமே பல் கூசும் அளவுக்கு ஜில்லென்று வராது. கறுப்பு பீர்கள் பானைத் தண்ணீர் குளிர்ச்சிக்குக் கொஞ்சம் கீழே இருக்கும், அவ்வளவுதான். குறை சொல்லாதீர்கள். உறைகிற குளிரில் நாக்கு மரத்துப்போனால் அத்தனை ருசியும் வீண்.

இனி நான் மிகவும் சொல்ல விரும்புகிற விஷயம். ஐந்து நாளில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி கான்டியோன் ஆலைக்குப் போங்கள். மிடி ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை, ஆண்டர்லெக்ட் பகுதியில் சாதாரணத் தெரு ஒன்றில் இருக்கிறது. பெயர்ப்பலகையைக் கவனிக்காவிட்டால் ஏதோ பழைய குடோன் என்று கடந்துவிடுவீர்கள். 1900-இலிருந்து ஒரே குடும்பத்தின் வழியில் நடக்கிறது. 1978-இலிருந்து அருங்காட்சியகமாகவும் திறந்து வைத்திருக்கிறார்கள். கிளம்பும் முன் அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே செய்வது லாம்பிக். மற்ற பீர்களுக்குப் பெரும்பாலும் ஈஸ்ட்டைத் தனியாக வளர்த்துச் சேர்ப்பார்கள். லாம்பிக்குக்கு யாரும் எதையும் சேர்ப்பதில்லை. முளைகட்டிய பார்லியையும் முளைகட்டாத பச்சைக் கோதுமையையும் சேர்த்துக் காய்ச்சிய சாற்றை, கூரைக்கு அடியில் இருக்கும் ஒரு பெரிய செப்புத் தட்டில் ஊற்றி இரவு முழுக்கத் திறந்தபடி விட்டுவிடுவார்கள். சுமார் 7,500 லிட்டர் பிடிக்கிற தட்டு, ஆழம் அதிகமில்லை, ஓர் அறை முழுவதும் அடைத்துக்கொண்டு கிடக்கும். ஓட்டு இடுக்கு வழியாகவும் சன்னல் பலகை வழியாகவும் வருகிற காற்றில் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதில் இறங்கும். விடிந்ததும் மரப் பீப்பாயில் ஏற்றுவார்கள். அப்புறம் ஒன்று, இரண்டு, மூன்று வருடம் அதன்பாட்டுக்கு நொதிக்கும்.

நான் முதல் முறை அந்தத் தட்டின் ஓரத்தில் நின்றபோது என் நினைவுக்கு வந்தது எங்கள் வீட்டு இட்லி மாவு. அதற்கும் நாம் ஈஸ்ட் போடுவதில்லை. அரிசியிலும் உளுந்திலும் இருப்பதே ராத்திரியில் வேலையைப் பார்த்துவிடுகிறது. பனங்கள்ளும் அப்படித்தான், மரத்திலிருந்து இறக்கும்போதே நொதிக்க ஆரம்பித்துவிடும். சித்திரை வெயிலில் மாவு அளவுக்கு மீறிப் புளித்துப்போகுமே, அதே காரணத்துக்காகத்தான் லாம்பிக்கைக் கோடையில் காய்ச்சுவதில்லை. ஏறக்குறைய அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை மட்டும்தான் வேலை. வெயில் காலத்தில் காற்றில் வேண்டாத கிருமிகள் அதிகம், சாறும் ஒரே இரவில் வேண்டிய அளவுக்கு ஆறாது. ஹாப்ஸ் கூடப் புதிதாகப் போடாமல் இரண்டு மூன்று வருடம் பழையதாகப் போடுகிறார்கள். கசப்பு போய்விடும், கெடாமல் காக்கிற குணம் மட்டும் மிஞ்சும்.

பீப்பாய் அறைக்குள் நுழைந்ததும் ஒரு வாசனை வந்து மூக்கில் ஏறும். ஈரமான மரம், பழைய சாக்கு, மோர், அழுகத் தொடங்கும் ஆப்பிள், எல்லாம் கலந்த மாதிரி. பீப்பாய்களுக்கு நடுவே சிலந்தி வலை தொங்கும். அதை வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருக்கிறார்கள். பழ ஈக்களும் பூச்சிகளும் வந்து பீரைக் கெடுத்துவிடாமல் சிலந்தி பார்த்துக்கொள்ளும், அதனால் அங்கே சிலந்தியைக் கொல்லவே கூடாது.

சுற்றி முடித்ததும் சின்னக் கோப்பையில் ருசி பார்க்கத் தருவார்கள். இளம் லாம்பிக் என்றால் நுரையே இருக்காது, தட்டையாக, நீராகாரத்தை நினைவுபடுத்தும் புளிப்போடு இருக்கும். அதன் பிறகு கூஸ் கேளுங்கள். ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் ஆன லாம்பிக்குகளைக் கலந்து, ஷாம்பெயின் மாதிரி கார்க் வைத்து அடைத்து, பாட்டிலுக்குள் மறுபடி நொதிக்க விட்டது. இளசில் மிஞ்சியிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் வாயுவை உண்டாக்கும், முதிர்ந்தது ஆழத்தைத் தரும். எதை எதோடு எவ்வளவு கலப்பது என்பது முழுக்க நாக்கின் கணக்கு. முதல் வாயில் புளிப்பு தாடையைக் கூசச் செய்யும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். மூன்றாவது வாயில்தான் எலுமிச்சைத் தோல், வைக்கோல், மரம் என்று ஒவ்வொன்றாகத் தெரிய வரும். புளி, மோர், ஊறுகாய் என்று வளர்ந்த நாக்கு நம்முடையது. என்னோடு வந்த வேறு தேசத்து நண்பர்கள் முகம் சுளித்த இடத்தில், மதுரைப் பக்கத்து நண்பர் ஒருவர் இரண்டாவது கோப்பை கேட்டு வாங்கினார்.

புளிப்புச் செர்ரிப் பழத்தை லாம்பிக்கில் மாதக்கணக்கில் ஊறவைத்தால் அது க்ரீக். இங்கே ஓர் எச்சரிக்கை. சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் இடங்களில் செர்ரி சிரப் ஊற்றியது போல் தித்திக்கும் க்ரீக் விற்பார்கள். அசல் க்ரீக் தித்திக்காது. லேபிளில் 'ஔட்' என்ற சொல் இருந்தால், அதாவது ஔட் கூஸ், ஔட் க்ரீக் என்று இருந்தால், பழைய முறைப்படி செய்தது என்று நம்பி வாங்கலாம். பூன், த்ரி ஃபொன்டெய்னன் ஆகியவை கடைகளில் தேடத்தக்க பெயர்கள். கான்டியோன் லேபிளில் அந்தச் சொல் இல்லாவிட்டாலும் அசல்தான்.

மாலைக்கு எங்கே போவது? மையத்தில் ஆ லா மோர் சுபித் என்று ஒரு கஃபே. 1928-இலிருந்து அதே இடத்தில் இருக்கிறது. உயரமான கண்ணாடிகள், மஞ்சளேறிய சுவர், நீண்ட வரிசையாக மர மேசைகள். பெயருக்கு அர்த்தம் 'திடீர் சாவு'. அலுவலகத்துக்குத் திரும்பும் அவசரத்தில் ஆட்டத்தைச் சட்டென்று முடிக்க வாடிக்கையாளர்கள் வைத்திருந்த ஒரு சூதாட்ட விதியின் பெயர் அது, பயப்பட வேண்டாம். உங்கள் சீனியரை அழைத்துப் போக அதுதான் சரியான இடம், அந்த அறையைப் பார்ப்பதற்கே போகலாம். பீரைப் பற்றிப் பேசவும் தெரிந்துகொள்ளவும் மூடர் லாம்பிக் போங்கள். ஃபொன்டெனா சதுக்கத்தில் இருப்பது மையத்திலிருந்து நடக்கிற தூரம். அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் பொறுமையும் அதிகம், விஷயமும் தெரியும். டெலிரியம் கஃபேயைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். 2004-இல் 2,004 வகை பீர் வைத்து கின்னஸ் சாதனை படைத்த இடம். ஒருமுறை எட்டிப் பார்க்கலாம், ஆனால் நெரிசலில் நின்றுகொண்டு குடிக்கிற இடத்தில் ஓர்வாலின் வாசனையை முகர்ந்து பார்க்க முடியாது. வார இறுதி கிடைத்தால் ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி ப்ரூஜ் போங்கள். 1983-இலிருந்து இருக்கும் ப்ரூக்ஸ் பேர்ட்யே என்ற குட்டிக் கஃபே நான் பார்த்த கஃபேக்களிலேயே சிறந்தது. ப்ரூஜில் பிரெஞ்சில் பேச முயல வேண்டாம். அது டச்சு பேசும் ஊர், ஆங்கிலம்தான் அங்கே மரியாதை. பிரஸ்ஸல்ஸில் எது பேசினாலும் சரி.

நடந்துகொள்ளும் முறை எளிது. காலி மேசையில் போய் உட்காருங்கள், வெயிட்டர் வருவார். வெறுமனே 'ஒரு பீர்' என்றால் 25 சென்டிலிட்டர் பில்ஸ், அதாவது நம் ஊர் லைட் பீர் மாதிரியான சாதா பீர் வந்துவிடும், அதனால் பெயர் சொல்லிக் கேளுங்கள். மெனு மிரட்டினால் மூடி வைத்துவிட்டு, 'புளிப்பு பரவாயில்லை, கசப்பு அதிகம் வேண்டாம், 7 சதவீதத்துக்குள்' என்று உங்கள் நாக்கின் கணக்கைச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பதை யாரும் அறியாமையாக நினைப்பதில்லை, சந்தோஷப்படுவார்கள். கையைத் தட்டியோ 'பாஸ்' என்று கூப்பிட்டோ அழைக்காதீர்கள். கண்ணைப் பார்த்து லேசாகக் கை உயர்த்தினால் போதும். பில்லைப் பல இடங்களில் எழுந்து போகும்போது தரலாம், கூட்டமான இடங்களில் ஒவ்வொரு முறையும் உடனே கேட்பார்கள். டிப்ஸ் கட்டாயமில்லை. சில்லறைக் காசு கொஞ்சம் பையில் இருக்கட்டும், கழிப்பறைக்குக் காசு கேட்கிற இடங்கள் உண்டு. 'சியர்ஸ்' சொல்லும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் கவனம் தேவை. கஃபேயில் பீருக்குத் துணையாக வருவது சதுரமாக வெட்டிய பாலாடைக்கட்டி, தொட்டுக்கொள்ள கடுகு விழுதும் செலரி உப்பும். சைவர்களுக்கு இதுவே நிம்மதி, ரொட்டி மேல் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் முள்ளங்கியும் வைத்துத் தருவதும் நன்றாக இருக்கும். ஃப்ரைஸ் உருளைக்கிழங்குதானே என்று நம்பிவிடாதீர்கள். பெல்ஜியத்தில் பழைய முறைப்படி அதை மாட்டுக் கொழுப்பில்தான் இரண்டு முறை பொரிப்பார்கள். மாட்டிறைச்சி தவிர்ப்பவர் என்றால் எந்த எண்ணெய் என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். உங்களுக்கு அது பிரச்சினை இல்லை என்றால் ஐரோப்பிய அலுவலகங்கள் இருக்கும் பகுதியிலிருந்து நடந்து ஜுர்தான் சதுக்கத்துக்குப் போங்கள். சதுக்கத்தின் நடுவில் இருக்கும் கடையில் கூம்புக் காகிதத்தில் ஃப்ரைஸ் வாங்கிக்கொண்டு, சுற்றிலும் இருக்கும் கஃபேக்களில் உட்கார்ந்து பீரோடு சாப்பிடலாம். வெளியிலிருந்து கொண்டுவந்து சாப்பிட அனுமதி உண்டு என்று வாசலிலேயே பலகை வைத்திருப்பார்கள்.

திரும்பி வரும்போது பாட்டில் கொண்டுவர ஆசை வரும். இந்தியாவுக்குள் வரியில்லாமல் ஒருவர் 2 லிட்டர் வரை மதுவகை கொண்டுவரலாம். 330 மில்லி பாட்டில் ஆறு சேர்ந்தால் 1.98 லிட்டர், அளவெடுத்த மாதிரி பொருந்தும். விமான நிலையத்தில் வாங்காமல் சூப்பர் மார்க்கெட்டில் வாங்குங்கள், ட்ராப்பிஸ்ட் பீர்களே கஃபே விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கும். ஒவ்வொரு பாட்டிலையும் தடித்த சாக்ஸுக்குள் நுழைத்து, துணிகளுக்கு நடுவே, பெட்டியின் ஓரத்தில் படாமல் வைத்து செக்-இன் பெட்டியில் போடுங்கள். நான் கொண்டுவந்தது எப்போதும் மூன்று ஓர்வால், இரண்டு ரோஷ்ஃபோர், ஒரு கூஸ். ஊருக்கு வந்ததும் உடனே திறக்காதீர்கள். பயணத்தில் வண்டலெல்லாம் கலங்கியிருக்கும். ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் ஒரு வாரம் நிமிர்த்தி வைத்து, திறப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். அந்தக் கோப்பை இல்லையே என்ற கவலை வேண்டாம், வாய் கொஞ்சம் குறுகிய ஒயின் கிளாஸ் போதும்.